உறுமிக்கும் ஒப்பந்தம் வேண்டும்



பட்டம் பெறும் பிள்ளைகளே, இன்று உங்களிடம் தென்மாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்னைக்காரர்; ராக் இசைக் கலைஞர்; இசைத் தயாரிப்பாளர். 'கபாலி' படத்தில் நம் மலேசியத் தமிழர் கதையைச் சொன்ன இயக்குநர் பா. ரஞ்சித்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய குழுதான் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. கானா பாடுபவர்கள், ராப் பாடுபவர்கள், பறையும் சட்டியும் அடிப்பவர்கள், கித்தார் வாசிப்பவர்கள் என்று 19 பேர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. சாவு வீட்டோடு நிற்கட்டும் என்று ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும் அன்று மின்கித்தாருக்குச் சமமாக முழங்கின.

இத்தனை பேர் சேர்ந்து வாசிக்கும்போது பறையை டிரம்ஸ் விழுங்கிவிடக் கூடாது, கானாக்காரர் குரலைக் கித்தார் அமுக்கிவிடக் கூடாது. ஒத்திகை, ஒலிப்பதிவு, சம்பளம், எல்லாவற்றையும் ஒருவர் பார்த்தாக வேண்டும். அந்த வேலைக்குக் கைதட்டல் குறைவு. ஆனால் அப்படி நடந்த குழுவில் கானா பாடிய இசைவாணி, 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியல் வரை போனார்.

அதே குழுவில் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை 'எஞ்சாய் எஞ்சாமி'யில் கொண்டுவந்தார். பால்மரம் சீவிய நம் பாட்டிமார் கதையும் கிட்டத்தட்ட அதுதான். 2021-இல் வெளிவந்து கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு. ஆனால் அதிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024-இல் அந்தப் பாட்டைத் தயாரித்த சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு மனம் கொதித்தது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே இந்த நிலை என்றால், திருவிழாவில் உறுமி அடிக்கும் நம் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

நம் செனாவாங்கில் ரப்பர் போய்த் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்து லயங்களை விட்டு வந்தோம், உறுமியை விடவில்லை. அதை வாசிப்பவர்களைக் காலிப் பையன்கள் என்று முகம் சுளிப்பது அநியாயம். அவர்களுக்குத் திறமை இருக்கிறது. ஆனால் அவர்களுக்காகப் பேச ஆளில்லை.

கணக்கியல் படித்தவர்களே, அவர்களுடைய வரவுசெலவை எழுதிக் கொடுங்கள். சட்டம் படித்தவர்களே, கையெழுத்துப் போடும் முன் தாளை வாசித்துச் சொல்லுங்கள். ஒலிப்பதிவு தெரிந்தவர்களே, இந்த ஆண்டு ஓர் உறுமிக் குழுவையாவது முறையாகப் பதிவு செய்து, வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் அதில் போடுங்கள்.