தொடக்க நிலை என்னும் சொல்

அறுபதைக் கடந்த பெற்றோருக்கு 'முழு உடல் பரிசோதனை' செய்துவைப்பது, கிங்ஸ் சர்க்கிள் வாழ் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளின் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது. அதைத் தொடர்ந்த திசு ஆய்வில் 'புற்று, தொடக்க நிலை' என்று வந்துவிட்டால் இல்லமே கலங்குகிறது. முன்னதாகக் கண்டோமே என்ற ஆறுதலும் உடன் பிறக்கிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின்மீது ஓர் ஐயம் உண்டு. தொடக்கம் என்றால் இடையும் முடிவும் தொடரும் என்றே மனம் கொள்கிறது. மருத்துவர் குறிப்பதோ கட்டியின் அளவையும், அது நிணநீர்க் கணுக்களையும் பிற உறுப்புகளையும் எட்டியுள்ளதா என்பதையுமே. இன்று எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லும். நாளை நகருமா என்பதைச் சொல்லாது. ஆயுள் முழுவதும் அசையாது கிடப்பனவும் உண்டு. அவற்றையும் தேடிப் பிடிப்பதே மிகைக் கண்டறிதல்.

தென்கொரியாவில் கழுத்தை ஒலியலைக் கருவியால் சோதிப்பது பரவியது. 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்று 15 மடங்கு பெருகியது, மரணமோ குறையவில்லை. சுரப்பியை முழுதும் இழந்தோர் வாழ்நாளெல்லாம் மாத்திரை உண்ண வேண்டியவராயினர். 2016-இல் தைராய்டு கட்டிகளுள் ஒருவகையின் பெயரிலிருந்தே 'புற்று' என்ற சொல்லை நிபுணர்கள் நீக்கினர். நம் தொழிலுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன!

நமக்கு அண்மையில், பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998-இல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். ஒரு பாதியினருக்கு, பயிற்சி பெற்ற ஊழியர்கள் கையாலேயே மார்பகத்தைச் சோதித்தனர். முடிவு 2021-இல் வெளிவந்தது. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டோர் 47-லிருந்து 37 சதவீதமாகக் குறைந்தனர். மரணமோ, 50 வயதைக் கடந்தோரிடம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைய, இளையோரிடம் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. நிலை முந்துவதும் உயிர் தப்புவதும் ஒன்றல்ல. ஆனால் கருப்பை வாயை வினிகர் தடவிச் சோதித்ததில் அப்புற்றால் நேரும் மரணம் 31 சதவீதம் குறைந்தது. ஆகவே சோதனை யாவும் வீண் என்பாருடன் நாம் சேரமாட்டோம்.

மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணமற்ற இரத்தப்போக்கு இவை வேறு வழக்கு. நம் நாட்டில் இவற்றோடு காலந்தாழ்த்தி வருவோரே மிகப் பலர்; உடனே சென்றாக வேண்டும். குறியேதும் இல்லாதவரிடம் கண்ட தைராய்டு நுண்கட்டியையோ, புரோஸ்டேட்டின் மந்தமான புற்றையோ அறுக்காமல் கண்காணித்துவரும் முறையும் இன்று உண்டு. தம் தந்தையாருக்கு அது பொருந்துமா என மருத்துவரைக் கேட்க நேயர்கள் தயங்க வேண்டியதில்லை.