ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஊசி



நாம் எடுத்துக்கொண்ட விஷயம் மேடைக்கு ஒவ்வாதென்று சிலர் முகஞ்சுளிக்கலாம். மிஷன் பாடசாலையில் நாம் கற்ற காலத்தில், இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வந்ததும், "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கங்களைத் தாண்டிப் போனார்கள். வீட்டில் யார் சொல்வது? லயத்துக் காம்பிராவில் அதைப் பேச இடமுமில்லை, வாயுமில்லை.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வேராயிருப்பது எச்.பி.வி. என்னும் வைரஸ். அதனைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். பாலுறவினாற் பரவும் இவ்வைரஸ் மிகச் சாதாரணமானது. ஒழுக்கங்கெட்டவர்க்கே வருமென்பது பேதைமை. கணவன் ஒருவனையன்றி அறியாதவளுக்கும் அவன் மூலம் வரலாம். பெரும்பாலோர் உடலில் ஓரிரு வருடத்தில் தானே அகன்றுவிடும். அகலாது தங்கினால், பதினைந்து இருபது வருடஞ் சென்று புற்றாகலாம். ஆகவேதான் தொற்று நெருங்குமுன், 2017 முதல் நம் நாட்டில் ஆறாம் வகுப்பு மாணவியர்க்குப் பாடசாலையிலேயே இலவசமாக ஊசி போடுகிறார்கள்.

"பிள்ளையை மலடாக்கும் ஊசி" என்று ஒரு பேச்சு. இதை அறியாமையென்று நாம் எள்ளமாட்டோம். 1980களில் பணங்கொடுத்துக் கருத்தடைச் சத்திரசிகிச்சையை ஊக்குவித்த காலத்தை நம் பாட்டிமார் மறக்கவில்லை. பட்டவர்கள் பயப்படுவது நியாயம். ஆனால் இவ்வூசி வேறு. இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது; அதன் மேலோட்டை ஒத்த புரதமே உண்டு. பிள்ளைப்பேற்றுக்கு அது கேடு செய்வதில்லை. கைவலி, சிறு காய்ச்சல், சிலருக்கு மயக்கம் வரலாம். காலையில் சாப்பிட்டுப் போகட்டும். ஊசிக்குப்பின் கால்மணி நேரம் உட்காரட்டும். சந்தேகமிருந்தால் குடும்பநல மாதுவைத் தமிழிலேயே கேளுங்கள்.

பின்வரிசையில் வாலிபர் சிரிக்கிறார்கள். தம்பிமாரே, இவ்வைரஸைச் சுமப்பதில் ஆணும் பெண்ணும் ஒன்று. தொண்டைப் புற்று ஆணுக்கும் இதனால் வரும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றாக நீக்காது.

ஊசி வருமுன் வளர்ந்துவிட்ட தாய்மார்களுக்கு 1996இல் தொடங்கிய 'சுவநாரி' கிளினிக் இருக்கிறது. முப்பத்தைந்து வயதில் அங்கே பரிசோதித்தால், புற்றாகுமுன்பே மாற்றத்தைக் கண்டு நீக்கலாம். வலியும் அதிகமில்லை. ஆனால் மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்து மலையிலிருந்து இறங்கினால் அன்றைய பேர் போய்விடுமே! கொழுந்தெடுப்பவள் எதை விடுவாள்? தொழிற்சங்கப் பெரியவர்கள் சிலர் இச்சபையில் இருக்கிறார்கள். அடுத்த சம்பளப் பேச்சில், அந்த ஒரு நாளுக்கும் பேர் போடவேண்டுமென்று சேர்த்துக் கேட்பார்களா?