பழைய காரைத் தாழ்த்தும் கலை



மைசூர் அரண்மனைக்கு அருகே இன்றும் சில குதிரை வண்டிகள் சவாரிக்குக் காத்து நிற்கின்றன. வண்டியேறுவோர் அதன் மேற்கூரையின் அலங்காரத்தைக் காண்பர். மோட்டார்ப் பித்துப் பிடித்த எங்களைப் போன்றோர் குனிந்து, அச்சின்மேல் அமர்ந்த பட்டைவில்லைக் காண்போம். அங்கே வில் உண்டு. வில்லை அடக்குவதற்குப் பட்டைகளின் உராய்வைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால்தான் ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி, பள்ளம் கடந்த பின்னும் சிறிது தூரம் தலையாட்டிக்கொண்டே செல்கிறது. மோட்டார் காரில் அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். பெயர்தான் பிழை. அதிர்ச்சியை ஏற்பது வில். எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி, வில்லின் துள்ளலை வெப்பமாக்கிக் கரைப்பதே இக்கருவியின் வேலை.

இவ்விரண்டையும் பற்றி இன்று பேச நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் தமக்கையின் மகன். எங்கள் தந்தையார் 1966இல் சென்னையில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், பல்லாண்டுகள் கொட்டகையில் கிடந்தபின், சென்ற ஆண்டு அவனுடைய முயற்சியால் மைசூர் வந்து சேர்ந்தது. வந்த மறுநாளே அவன் சொன்னான்: "மாமா, இதைத் தாழ்த்த வேண்டும். முன் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் போதும் என்கிறார்கள். ஸ்பிட்ஃபயர் போல ஆகிவிடும்."

அவன் ஆசை அடிப்படையற்றதன்று. ஹெரால்டின் உருவை வரைந்த இத்தாலியரான மிக்கலோட்டியே, 1962இல் வெளிவந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் பந்தயப்பாங்குக் காரையும் வரைந்தவர். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் அது உருவாயிற்று. ஆகவே, வண்டலூரை அடுத்த ஆலையிலிருந்து 1961 முதல் வெளிவந்த நம் சென்னை ஹெரால்டை அந்த விளையாட்டுக் காரின் ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். முன்னே சுருள்வில்லும் அதனுள் ஷாக் அப்சார்பரும். பின்னே குறுக்காக ஒரே பட்டைவில். இரண்டு வண்டிக்கும் அமைப்பு ஒன்றே, இடர்ப்பாடும் ஒன்றே.

அந்த இடர்ப்பாட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இவ்வண்டிகளில் பின்சக்கரம் ஒவ்வொன்றும், நடுவிலுள்ள டிஃபரென்ஷியலை ஒட்டிய ஒரு மூட்டைச் சுற்றிக் கதவுபோல் மேலும் கீழும் ஆடுகிறது. வண்டியின் பின்புறம் தாழ்ந்தால் சக்கரங்களின் தலை உட்புறம் சாயும். அகலக் கால் பரப்பி நிற்கும் மல்லனைப்போல் வண்டி உறுதியாக நிற்கும். பின்புறம் உயர்ந்தாலோ சக்கரங்களின் அடி உட்புறம் ஒடுங்கும். வளைவில் வேகமாகச் செல்கையில் ஓட்டுபவர் அஞ்சி, திடீரெனக் காலை எடுத்தால் பாரம் முன்னே பாய்கிறது, பின்புறம் எழும்புகிறது, வெளிப்புறச் சக்கரம் வண்டிக்கடியில் மடங்கி, பிடிப்பை இழக்கிறது. வால் சுழன்றுவிடும். ஸ்பிட்ஃபயரில் 1970இல்தான் பட்டைகள் நடுவில் ஊசலாடுமாறு வில்லை மாற்றி இக்குறையைப் பெரிதும் களைந்தனர். நம் நாட்டிலோ, 1972இல் வந்த கெஸல் காரில் அந்த ஆடும் அச்சையே விட்டுவிட்டுப் பழையமுறை ஒற்றை அச்சுக்குத் திரும்பினர்.

இதனை நாங்கள் நூலில் கற்கும் முன்பே சாலையில் கற்றோம். 1974இல் எங்கள் தமையனார் இதே காரில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகையில், ஒரு வளைவில் வண்டி முழுதாகச் சுழன்று மலைச்சுவரில் மோதி நின்றது. அவருக்குக் காறையெலும்பு முறிந்தது. அருகில் அமர்ந்திருந்த எங்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. வேகத்தின் குற்றம் என்று தந்தையார் தீர்ப்பளித்தார். தமையனார் ஒன்றும் மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அவர் ஒரு காரின் சுக்கானைத் தொட்டதில்லை.

இனி மைசூருக்கு வருவோம். இந்நகரின் யாதவகிரியில் 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் செய்த ஆலை இருந்தது. அங்கே கைப்பழகிய தொழிலாளர் ஒருவரிடம் காரைக் காட்டினோம். கன்னடமும் தமிழும் கலந்து பேசும் பெரியவர் அவர். சுருள்வில்லை வெட்டும் பேச்சை எடுத்ததுமே கையை உதறினார். அவர் கூறிய காரணம் கணக்கிற்கும் பொருந்துவது. 8 சுற்றுள்ள வில்லில் 1 சுற்றை வெட்டினால் உயரம் குறைவதோடு, அதன் கடினமும் ஏழில் ஒரு பங்கு கூடிவிடும். வெட்டிய நுனி தட்டில் படிந்து அமராது. சக்கரம் தொங்கும்போது வில் இடம் பெயரவும் கூடும். தீயிட்டுத் தணிப்பதோ இன்னும் கேடு. எஃகின் பதமே போய்விடும்.

பின்பு அவர் படுத்துக்கொண்டு பின்புறப் பட்டைவில்லை விளக்கால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "சார், இதிலே ஒரு பட்டை கம்பெனிப் பட்டை இல்லை" என்றார். மற்றவற்றைவிடத் தடித்து, வளைவும் வேறாக ஒரு பட்டை உள்ளே நுழைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. குடும்பத்தோடும் பெட்டி படுக்கையோடும் ஊர் செல்லும்போது வண்டி பின்னால் அமுங்குகிறதென்று, விபத்துக்கு முந்தைய ஆண்டில் ஏதோ ஒரு பட்டறையில் அதைச் சேர்க்கச் செய்திருந்தோம். பாரம் ஏற்றினால் வண்டி நேராக நிற்கும். இருவர் மட்டும் அமர்ந்து மலையிறங்கினால்? பின்புறம் கொக்கைப்போல் உயர்ந்து, சக்கரங்கள் ஏற்கெனவே ஒடுங்கி நிற்கும். மற்றதை வளைவு பார்த்துக்கொள்ளும்.

ஆக, மருமகன் முன்புறத்தை வெட்டப் புறப்பட்டான். தாழ்த்த வேண்டியதோ முதலில் பின்புறம். அந்தப் பட்டையைக் கழற்றி, எஞ்சியவற்றுக்குப் பழைய வளைவை மீட்டோம். அதற்கும் மேல் சிறிது தாழ்த்த விரும்புவோர், வில்லுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் இடையே ஓரங்குலக் கட்டை ஒன்றை வைத்து, நீண்ட திருகாணிகளால் பிணைப்பர். நாங்கள் அதுவரை போகவில்லை. முன்புறத்துக்கு, அளவறிந்து சுற்றிய, முக்கால் அங்குலம் குட்டையான புதிய சுருள்வில்களை வாங்கினோம்.

ஷாக் அப்சார்பரைத் தேர்வதில்தான் பலர் பணத்தை வீணாக்குகின்றனர். கடினமானதே சிறந்தது என்பது ஒரு மயக்கம். வில்லின் கடினம் நான்கில் ஒரு பங்கு கூடினால், அடக்கும் வலிமை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடினால் போதும். மிகக் கடினமானதை மாட்டினால் சக்கரம் சாலையின் பள்ளத்தைப் பின்தொடராமல் தத்திச் செல்லும். நீளத்தையும் பார்க்க வேண்டும்; வண்டி தாழ்ந்தபின் பழைய நீளமுள்ள கருவி அடிமுட்டி நின்றால் பயணியின் முதுகெலும்பே வில்லாகிவிடும். பழுதறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மட்கார்டின் மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அமர்ந்தால் நலம், நின்று ஆடினால் மாற்றுங்கள்.

எவ்வளவு தாழ்த்தலாம் என்பதை அழகு தீர்மானிக்கலாகாது, சாலை தீர்மானிக்கட்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் நீளமும் உடையது. குண்டலுப்பேட்டை தாண்டிப் பந்திப்பூர்க் காட்டுக்குள் செல்வோர் அறிவர், எல்லாத் தடைகளும் அந்த நூலைப் படித்துவிட்டு எழுந்தவை அல்ல என்பதை!

பிற மாநிலங்களில் வாழும் நமக்குச் சட்டமும் ஒரு பொருட்டு. ஊரிலிருந்து கொணர்ந்த வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு வேண்டும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல அமைப்பினின்று மாறும்படி வண்டியைத் திருத்தலாகாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் வந்த தனிப்பதிவும் மூல வடிவத்தையே கேட்கிறது. அப்பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் இயலாது. எனவே கழற்றிய மூல உறுப்புகள் எதையும் எறியாதீர்கள். எங்கள் பழைய சுருள்வில்கள் எண்ணெய் பூசிய கோணியில் பத்திரமாக உள்ளன.

வேலை முடிந்ததும், வாசலில் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் பக்கத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். சக்கரத்தின் தலை இம்மியளவு உட்புறம் சாய்ந்திருந்தது. சாமுண்டி மலைச்சாலையில் ஏறி இறங்கினோம். வளைவுகளில் வால் அடங்கியிருந்தது.

அன்றிரவு திருச்சியிலுள்ள தமையனாருக்குத் தொலைபேசியில் பட்டையின் செய்தியைச் சொன்னோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. "அது எவ்வளவு தடிப்பு இருக்கும்?" என்று கேட்டார். அளந்து சொன்னோம். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னோம். அடுத்த மாதம் நாங்கள் உதகை செல்லவிருப்பதை அறிந்ததும், தாமும் மைசூர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பின்னிருக்கையில்தான் அமர்வாராம்.