வந்தேறின்னு டைப் பண்றதுக்கு முன்னாடி…

(மயிலாப்பூர் பகுதி ஐடி விங் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

'வந்தேறி'ன்னு எதிரணிக்காரன் எழுதினா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெளுக்குறோம். நம்மாளே எழுதினா ஹார்ட் போடுறோம். சரியா இது?

1688-ல மெட்ராஸ் மாநகராட்சி ஆரம்பிச்சப்போ மொத்தம் 12 ஆல்டர்மேன்கள். அதுல மூணு இடம் யூத வியாபாரிகளுக்கு! பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல ஒரு யூதர் யூதராவே உட்கார 1858 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. உடனே கம்பெனிக்காரனுக்கு ரொம்பப் பெரிய மனசுன்னு நினைச்சிடாதீங்க. எல்லாம் வியாபாரம்தான். மத்தியதரைக் கடல் பவளம் இங்க வரும், கோல்கொண்டா வைரம் லண்டன் போகும். அந்தத் தொடர்பு முழுக்க இவங்க கையில.

பேரைப் பாருங்க: பார்த்தலோமியோ ரோட்ரிக்ஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ. யூதப் பேரு மாதிரியா இருக்கு? 1492-ல ஸ்பெயின் யூதர்களை விரட்டுச்சு. அஞ்சு வருஷத்துல போர்ச்சுகல் கட்டாய மதமாற்றம் பண்ணுச்சு. வெளியில கிறிஸ்தவப் பேரு, வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு பழைய வழக்கம். தலைமுறை தலைமுறையா அப்படி ஒளிஞ்சு வாழ்ந்த வம்சம் அது.

அப்புறம் பிரேசில்ல வைரம் கிடைச்சது, இங்க தொழில் படுத்துச்சு. மெல்ல மெல்லக் காணாமப் போனாங்க. மிச்சம் இருக்கறது ஜார்ஜ் டவுன்ல பவளக்காரத் தெருங்கிற பேரு, நம்ம பக்கத்துல லாயிட்ஸ் ரோட்டுல, அதாவது அவ்வை சண்முகம் சாலையில, சின்னதா ஒரு யூதர் கல்லறை. தினமும் பைக்ல தாண்டிப் போறோம், எத்தனை பேர் கவனிச்சிருக்கோம்?

கொச்சி கதை வேற. சுமார் 1000-ஆம் ஆண்டு, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு கொடுத்து உரிமை தந்தான். வட்டெழுத்துல, தோழர்களே! அந்த ஊர் யூதர்கள் மலையாளம் பேசினாங்க, மலையாளத்துலயே பாடினாங்க, யூதர்களாவும் இருந்தாங்க. 1948-க்கு அப்புறம் இஸ்ரேல் போனப்பவும் அந்தப் பாட்டு கூடவே போச்சு. கலக்குறது வேற, கரையுறது வேற. ஒருத்தன் நம்ம ஊர்ல வாழணும்னா வீட்டு மொழியை வாசல்லயே விட்டுட்டு வரணுமா? தி.நகர் துணிக்கடையில மூட்டை தூக்குற பீகார் பையன்கிட்டயும் நாம அதைக் கேட்கக் கூடாது. இந்தித் திணிப்பை எதிர்க்கறது டெல்லி கூட. அந்தப் பையன் கூட இல்ல.

இன்னிலேர்ந்து நம்ம பேஜ்ல அந்த வார்த்தை வந்தா, யார் போட்டாலும் டெலீட். அட்மின் டீம்ல பேசியாச்சு. ஜார்ஜ் டவுன் தோழர்கள் யாராவது பவளக்காரத் தெரு பெயர்ப்பலகையை ஒரு போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்புங்க, அடுத்த பதிவுக்கு வேணும்.