மே மாதக் கொடைக்கானல்: இன்று முதல் மாடிப்படி ஏறுங்கள்

(நமது சங்கத்தின் மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரிக் கணக்கையும் லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் பேசி முடிப்பதற்குள் எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. சுண்டல் வாசனை எனக்கும் வருகிறது. செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். பதினைந்து எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். மே இரண்டாம் வாரம் நம் குடியிருப்பிலிருந்து நாற்பது பேர் போலக் கொடைக்கானல் போவதாகப் பேச்சு. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஊர் பார்க்கும் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நேற்று எண்ணிப் பார்த்தேன், மூன்று நாளுக்கு இருபத்து மூன்று இடம். அதைப் பார்த்தால் பெரும்பாலான நேரம் வேனிலேயே இருப்போம் என்றுதான் தோன்றுகிறது. நடப்பதற்கும், சைக்கிள் மிதிப்பதற்கும், சும்மா புல்லில் உட்காருவதற்கும்தானே மலைக்குப் போகிறோம்? போக்குவரத்து நெரிசல் பார்க்க வேண்டுமென்றால் நம் தெருமுனை சிக்னலே போதும்.

அதனால் நான் இடங்களிலிருந்து தொடங்கப் போவதில்லை. நம்மில் மெதுவாக நடப்பவர் யார், அவரால் எவ்வளவு நடக்க முடியும், அங்கிருந்துதான் மலைப் பயணத் திட்டம் தொடங்க வேண்டும். நாற்பது பேரில் ஆறு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். எட்டுக் குழந்தைகள் பத்து வயதுக்குக் கீழே. நடுவில் இருக்கும் நமக்கு வயது குறைவு, உடம்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும். நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்திருந்து, லிப்டில் ஏறி, லிப்டில் இறங்குகிறோம்.

மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் சொன்னது. ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 5 கிலோமீட்டர் நடந்து 300 மீட்டர் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஆனால் அது மலையேறிப் பழகிய ஆளுக்குப் போட்ட கணக்கு. குழந்தை, பாட்டி, போட்டோ, பிஸ்கட் எல்லாம் சேர்ந்த நம் கூட்டத்துக்கு அதை இரண்டால் பெருக்குங்கள். மூன்று மணி நேரம்.

300 மீட்டர் என்றால் எவ்வளவு என்று மனசில் பிடிபடாது. நம் கட்டடத்தில் ஒரு மாடிக்குச் சுமார் பத்தடி, அதாவது மூன்று மீட்டர். ஒன்பது மாடி ஏறினால் 27 மீட்டர். அப்படியானால் 300 மீட்டர் ஏற்றம் என்பது தரைத்தளத்திலிருந்து ஒன்பதாம் மாடிக்குப் பதினொரு தடவை ஏறுவது. இப்போது புரிகிறதா?

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நமக்கு மலை இல்லாவிட்டாலும் படிக்கட்டு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. வாரம் நாலு நாள், முதல் வாரம் ஒரே ஒரு முறை ஒன்பது மாடி. மூச்சு வாங்கினால் நில்லுங்கள். அடுத்த வாரம் இரண்டு முறை. ஏப்ரல் கடைசியில் நாலு முறை வந்துவிட்டால் போதும். இறங்கும்போதும் படியிலேயே இறங்குங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மறுநாள் தொடையும் முழங்காலும் வலிப்பது இறங்கினதால்தான். காலில் புது ஷூ போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பாதீர்கள், அதை இந்தப் படிக்கட்டிலேயே பழக்கிவிடுங்கள். இதய நோய், மூச்சுத்திணறல், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

இனி நேரம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். இங்கே 38 அடிக்கும்போதும் அங்கே இதமாகத்தான் இருக்கும். ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வெயிலை மட்டும் நம்பி விடாதீர்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரின் வேகமும் கூடும். குழந்தைகளின் மூக்கு நுனியும் கன்னமும் கறுத்து உரிந்துபோவது அதனால்தான். தொப்பி கட்டாயம்.

மே மாதத்தில் மதியத்துக்கு மேல் அங்கே மேகம் திரளும், கோடை மழை இடியோடு வரும். அதனால் வெளியில் செய்கிற எதுவாக இருந்தாலும் காலை ஆறரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்குள் முடித்துவிட வேண்டும். இடி கேட்டால் மேட்டு முனையிலும் தனி மரத்தடியிலும் நிற்கக் கூடாது. வேனுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். மதியம் சாப்பாடு, தூக்கம், சீட்டுக்கட்டு. விடுமுறையில் மதியத் தூக்கம் போட்டால் பணம் வீணாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் யோசனை இதுதான். செவ்வாய் இரவு ரயில் ஏறி, புதன் காலை கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்குவோம். அங்கிருந்து மலைப்பாதை சுமார் 80 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிறாகவும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். முன் இருக்கையை அவர்களுக்குக் கொடுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள். மாத்திரை போடுவதானால் மலை ஏறத் தொடங்குவதற்கு அரைமணி முன்னால். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

புதன்கிழமை ஏரியைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் போலச் சமதளச் சாலை. வாடகை சைக்கிள் கிடைக்கும், நடக்கிறவர்கள் நடக்கலாம், முடியாதவர்கள் படகில் உட்காரலாம். எழுபது வயதும் ஏழு வயதும் ஒரே இடத்தில் சேர்ந்து சந்தோஷப்படக் கூடிய இடம் அது ஒன்றுதான் என்பேன். 1863-இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடையில் அணை கட்டி உருவாக்கிய செயற்கை ஏரி அது.

வியாழன் காலை இரண்டு குழுவாகப் பிரிவோம். பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் கோக்கர்ஸ் வாக். மலைச்சரிவின் விளிம்பில் ஒரு கிலோமீட்டர் நடைபாதை, மேகம் ஏறுவதற்கு முன் போனால் சமவெளி முழுக்கத் தெரியும். அதை ஒட்டியே பிரையண்ட் பூங்கா. மலர்க் கண்காட்சி வழக்கமாக மே கடைசியில்தான் நடக்கும். நாம் அதற்கு முன்பே போவது நல்லது என்றே நினைக்கிறேன். பூ கண்காட்சிக்கு முன்னாலும் பூத்துதான் இருக்கும், கூட்டம் இருக்காது.

நடக்கிறவர்கள் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை. ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். வேர்ப் படிகளாக இறங்கிக்கொண்டே போகும் பாதை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழனியில் முதலில் ஏற்றம், முடியாதவர் பாதியிலேயே திரும்பிவிடலாம். இங்கே தலைகீழ். போகும்போது இறக்கம், ‘இவ்வளவுதானா’ என்று சிரித்துக்கொண்டே இறங்குவீர்கள். களைத்த பிறகுதான் ஏற்றம் வரும். ஆகவே பாதி வழியில் சந்தேகம் வந்தவர் அங்கேயே பெட்டிக்கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். யாரும் கேலி செய்யக் கூடாது, இதைச் சங்கத் தீர்மானமாகவே போட்டுக்கொள்ளலாம். பாறை முனையில் கம்பி வேலி கிடையாது என்று நினைத்துக்கொண்டே போங்கள். செல்பிக்காக முனைக்குப் போக வேண்டாம். குழந்தையின் கையை விடாதீர்கள், ஈரமாக இருந்தால் பாறை மேலே ஏறவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பூம்பாறை. படிப்படியாக வயல், பழைய முருகன் கோயில், ஊர்க்காரர்கள் விளைவிக்கும் மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாக்லேட்டோடு அரைக்கிலோ பூண்டும் வாங்கி வாருங்கள், ரசத்தில் வித்தியாசம் தெரியும். பேரிஜம் ஏரிக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு. கிடைத்தால் போவோம்.

இனி நான் உண்மையில் பேச வந்த விஷயம். குழுவில் இரண்டு நாள் முன்பு ஒரு யோசனை வந்தது. ‘தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், பர்மிஷன் எல்லாம் தேவையில்லை, காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் டென்ட் அடித்து, கேம்ப் ஃபயரும் போட்டுத் தருவார், தலைக்கு இவ்வளவு.’ இருபது பேர் கட்டை விரல் காட்டியிருந்தார்கள். போட்டவர் நல்லெண்ணத்தில்தான் போட்டார். ஆனாலும் இது கூடவே கூடாது என்று இந்தக் கூட்டத்தில் சொல்லிவிட விரும்புகிறேன்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு. நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள், வார விடுமுறையில் மலை ஏறியவர்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். உரிய அனுமதி இல்லாத பாதையில் போனதாகப் பிறகு பேசப்பட்டது. அனுமதி என்பது வெறும் காகிதம் இல்லை. யார், எத்தனை பேர், எந்தப் பாதையில் இருக்கிறார்கள் என்று கீழே இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். தீ எங்கே எரிகிறது என்று அவருக்குத் தெரியும். நம் தெரிந்த ஆளுக்குத் தெரியாது.

கோடையில் புல் காய்ந்து கிடக்கும். தீ சமதளத்தைவிட மேட்டை நோக்கி வேகமாக ஏறும். மனிதனோ மேட்டில்தான் மெதுவாக ஓடுவான். கையில் குழந்தையோடு ஓடிப் பாருங்கள். அப்படிப்பட்ட இடத்தில் நாமே விறகு போட்டுத் தீ மூட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இது போக, காட்டுமாடு கொடைக்கானல் தெருக்களிலேயே வந்து நிற்கிறது. ஆளை முட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தள்ளி நின்று வழி விடுங்கள், போட்டோவுக்குக் கிட்டே போகாதீர்கள்.

நம் இளைஞர்களுக்கு ஆசை இருப்பது நியாயம்தான். அதற்கு வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று இணையப் பதிவு தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறது, அந்த ஆசையை அக்டோபருக்குத் தள்ளி வையுங்கள். நம் படிக்கட்டுப் பயிற்சியும் அதற்குள் முற்றியிருக்கும்.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நாம் வார நாளில் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வேன்காரர் இ-பாஸ் எடுத்துவிட்டாரா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு, நகலைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், வீட்டிலிருந்து ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். சொந்தக் காரில் வருகிறவர்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவதுதான் மலைப்பாதை விதி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். நம் தேதிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் சேராது என்பதால் ஏழு வீட்டில் ஏழு பேர் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள். வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்க அலுவலக நோட்டில் பெயர், வயது, சாப்பிடும் மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் எண் எழுதிவிடுங்கள். வியாழன் காலை எந்தக் குழு என்பதையும் பக்கத்தில் குறிக்கவும். எழுபது தாண்டிய நம் மூன்றாம் மாடிப் பெரியவர் இப்போதே டால்பின் நோஸ் என்று எழுதிவிட்டார். தினமும் காலையில் படியில் அவரைப் பார்க்கிறேன், அவரை யாரும் தடுக்க வேண்டாம்.

சுண்டல் ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன். கேள்வி இருந்தால் நாளை காலை ஆறு மணிக்கு பி பிளாக் படிக்கட்டில் இருப்பேன், ஏறிக்கொண்டே பேசலாம்.