பதினைந்து முறை கதிர்

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்தாயிற்று. புண்ணும் ஆறிவிட்டது. பிறகு எதற்குக் 'கரண்டு'? ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். அது மின்சாரம் அல்ல, கதிர் சிகிச்சை. நெஞ்சிலும் அக்குளிலும் கண்ணுக்குத் தெரியாமல் நோய் மிச்சம் இருக்கலாம். அதை அழிக்கத்தான். எல்லாருக்கும் இது தேவைப்படாது.

முன்பு வாரம் 5 நாள், 5 வாரம். மொத்தம் 25 முறை. கூலிக்குப் போகிறவள் என்ன செய்வாள்? பாதியில் நின்றவர்கள் உண்டு.

சீனாவில் மார்பை எடுத்த 820 பெண்களிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டி, 15 முறையில், 3 வாரத்தில் முடித்தார்கள். நோய் திரும்புவது கூடவில்லை. 2019-ல் முடிவு வந்தது. இந்தியாவிலும் இப்போது பல மருத்துவமனைகளில் 3 வாரம்தான்.

கதிர் படும்போது வலிக்காது. தோல் கறுக்கலாம். உடம்பில் போட்ட குறியை அழிக்காதீர்கள். "எனக்கு எத்தனை முறை?" என்று முதல் நாளே கேளுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாளே போங்கள்.