ஏடுகள் வாழும் இல்லம்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஐயர் அடுக்கிக் கூறினார். அவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவிய முதலியார், சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். ஐயர் அதுவரை அந்நூலைக் கற்றதில்லை.

பின்னர் நூல் கைக்கு வந்தது. பொருள் எளிதில் வசப்படவில்லை. சமண சமயக் கோட்பாடுகளை அறியாமல் அந்தக் காப்பியத்தினுள் புக இயலாது என உணர்ந்த ஐயர், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே சிந்தாமணி பக்தியோடு படிக்கப்பெறும் நூலாக விளங்கியது. சைவ ஆதீனத்தில் தமிழ் பயின்ற புலவர் ஐயம் கேட்டார்; சமணச் சான்றோர் மனமுவந்து விளக்கினர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. கற்றவரின் பணிவும் கற்பித்தவரின் பெருந்தன்மையும் கூடிப் பெற்ற பேறு அது.

அப்பெருமகனார் 1942இல் மறைந்தார். அவர் தேடித் தொகுத்த செல்வம் சிதறாதிருக்க, 1943இல் ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் அவர் பெயரால் ஒரு நூலகத்தை நிறுவினார். இன்று சென்னை பெசன்ட் நகரில் இயங்கும் அந்நூலகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள் உள்ளன. சுவடிகளைப் பேணுதல், ஆய்வாளர்க்கு உதவுதல், ஐயரின் பதிப்புகளை மீண்டும் அச்சிடுதல் ஆகியன அதன் தொண்டுகள்.

ஓலையைக் காப்பது எளிதன்று. தூசி துடைக்க வேண்டும். பூச்சி அணுகாமல் புல்தைலம் தடவ வேண்டும். எழுத்து மங்கினால் மை பூசித் துலக்க வேண்டும். இக்காலத்தில் படமெடுத்துக் கணினியில் சேர்க்கும் பணியும் நடைபெறுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல சுவடிகளை வீட்டிலிருந்தபடியே காணலாம்.

ஆயினும், நூலகத்தை அடைந்த ஏட்டுக்கே இப்பாதுகாப்பு உண்டு. பரணில் கிடப்பதைக் கறையான் காத்திருந்து உண்ணும். பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட கொடுமையும் இந்நாட்டில் நிகழ்ந்ததே. ஒரு பிரதியில் சிதைந்த அடி மற்றொரு பிரதியில் முழுமையாக இருக்கக்கூடும். எனவே, எவர் வீட்டு ஏட்டையும் பயனற்றது என ஒதுக்குதல் தகாது.

சாத்திர தானம் சமணம் போற்றும் தானங்களுள் ஒன்று. பாட்டனார் வைத்துச் சென்ற சுவடிக்கட்டு இல்லத்தில் இருப்பின், படிக்கத் தெரியாவிடினும் அதனை எறியாதீர்கள். தர மனமில்லையேல் படமெடுக்கவேனும் இசையுங்கள். அன்று கும்பகோணத்துச் சமணர் தம் கதவைத் திறந்தமையால் ஒரு காப்பியம் உலகுக்குக் கிடைத்தது. இன்று திறக்கப்பெறும் ஒரு பழம்பெட்டியும் அத்தகைய நன்மையைத் தரக்கூடும்.

வாழ்க அறம்! வளர்க தமிழ்!